தேடினால் தெரியும் காய்ச்சல்

அக்குள், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, மார்பகத்தின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், காதுமடலுக்குப் பின்னால், தலைமுடிக்குள். காரணம் பிடிபடாத காய்ச்சலோடு வருகிறவரின் உடம்பில் இந்த இடங்களையெல்லாம் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். தேடுவது ஒரு சிறு புண்ணை. சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் லேசாகச் சிவந்த வளையம். கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் எளிதில் தெரியாது. வியர்வை தங்கும் இடங்களில் பொருக்கே உண்டாகாமல், தோல் உரிந்த சின்னக் குழிப்புண்ணாக மட்டும் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. “உடம்புல எங்கயாவது புண்ணு இருக்காம்மா?” என்று கேட்டால் “இல்லீங்க” என்றுதான் பதில் வரும். கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தால் அது கிடைக்காது. திரையை இழுத்து மறைத்து, செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அந்தப் புண், ஸ்கரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். புதர்களிலும் வயல் வரப்புகளிலும் வாழும், கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத ஒரு வகை உண்ணியின் இளம்பருவம் கடித்த இடம். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று சாதாரணமாகத் தொடங்கும் நோய், இரண்டாவது வாரத்தில் ஆளுக்கொரு உருவம் எடுக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறினால் நிமோனியா என்று சீட்டில் எழுதப்படும். கண் மஞ்சளித்தால் மஞ்சள்காமாலை. தட்டணுக்கள் இறங்கினால் டெங்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தால், குடல்வால் அழற்சியோ பித்தப்பைக் கோளாறோ என்று அறுவைசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். பிதற்றலும் வலிப்பும் வந்தால் மூளைக்காய்ச்சல். திடீரென்று காது மந்தமாகிவிட்டது என்று வருபவர்களும் உண்டு. கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம். இத்தனை உருவத்துக்கும் காரணம் ஒன்றுதான். இந்தக் கிருமி இரத்தநாளங்களின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது. இரத்தநாளம் ஓடும் எந்த உறுப்பும் அதற்குத் தப்பாது.

சிகிச்சையோ மிக எளிது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையின் விலை சில ரூபாய். வேளையோடு கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஆனால், காய்ச்சல் என்றதும் ஊர் ஊராக முதலில் ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அந்த ஊசியை ஒரு வாரம் போட்டு, அதைவிட விலை கூடிய இன்னொன்றுக்கு மாறி, கடைசியில் வென்டிலேட்டரோடு பெரிய மருத்துவமனைக்கு வந்துசேர்பவர்களை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் பார்க்கிறோம். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தநாளம் வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்பதை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் உலகுக்குக் காட்டியது. நம் மண்ணில் பிறந்த அறிவு அது. நோயை அடையாளம் கண்டால்தானே அது நோயாளிக்குப் போய்ச்சேரும்?

தொற்றுநோய்களின் ‘வழக்கத்துக்கு மாறான வெளிப்பாடுகள்’ என்று மருத்துவ இதழ்களில் வரும் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு, ஏதோ அரிய நோய்களைப் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். வார்டில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. காசநோய், டைபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல் என்று எல்லாம் நமக்குப் பழகிய நோய்கள்தான். பாடப்புத்தகம் முதல் பக்கத்தில் சொல்லும் குறியோடு வராமல், கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் சொல்லும் குறியோடு வந்துவிடுகின்றன. அவற்றைப் பிடிக்கப் பெரும்பாலும் தேவைப்படுவது நிதானமாகக் கேட்கும் கேள்வியும், உடையை விலக்கிப் பார்க்கும் பரிசோதனையும், முதல் ஊசி போடுவதற்கு முன் எடுத்துவைத்த இரத்தமும்தான். இந்த மூன்றும் நம் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகின்றன. இவற்றைத் திரும்பக் கொண்டுவருவது அரசால் முடிகிற, பெரிய செலவு பிடிக்காத வேலை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கோரக்பூரை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில் உள்ள அந்தப் பகுதியில் 1978 முதல் மழைக்காலம்தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதற்குப் பெயர். கொசு மூலம் பரவும் அந்த வைரஸ் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் நம் வேலூர்ப் பகுதியில்தான் அடையாளம் காணப்பட்டது. 2005இல் உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறையத்தான் செய்தது. ஆனாலும் ஆகஸ்ட் பிறந்தால் அங்குள்ள பிஆர்டி மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் வார்டு நிரம்புவது நிற்கவில்லை. ஒரு படுக்கையில் இரண்டு, மூன்று குழந்தைகள். காரணம் என்ன என்ற கேள்விக்கு, குடிநீரில் வரும் வைரஸாக இருக்கலாம் என்று ஒரு பதில் சொல்லப்பட்டது. ஆழ்துளைக் குழாய்கள் போடப்பட்டன. சாவு குறையவில்லை.

குறிகள் அந்தப் படுக்கைகளிலேயே கிடந்தன. பல குழந்தைகளுக்கு முகம் வீங்கியிருந்தது. கல்லீரல் பெருத்திருந்தது. வலிப்பு வருவதற்குப் பல நாள் முன்பிருந்தே காய்ச்சல் இருந்தது. மூளையை மட்டும் தாக்கும் வைரஸ் கல்லீரலை ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு வழி திறந்தது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உள்பட பலர், அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேடினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. வைரஸ் என்று நம்பியிருந்தது பாக்டீரியா. மருந்தே இல்லை என்று கைகட்டி நின்ற இடத்தில், சில ரூபாய் மருந்து வேலை செய்யும் என்று தெரியவந்தது. அதன் பிறகுதான், காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் குழந்தைக்கு, மூளை பாதிக்கப்படும்வரை காத்திராமல் டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதல் வந்தது.

தடுப்பூசி இயக்கத்துக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் இடையில் கிட்டத்தட்டப் பத்து மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. அங்கிருந்த மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே நேரத்தில் காப்பாற்றப் போராடியவர்கள் அவர்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்று யோசிக்கும் அவகாசத்தையும், யோசித்ததைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகத்தையும் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அவகாசமும் ஆய்வகமும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கேரளம் காட்டியது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2001 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் மூளைக்காய்ச்சல் பரவி 66 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். நோயுற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனை ஊழியர்களும், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும். நோய் எங்கிருந்து ஒட்டுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான துப்பு இருக்க முடியாது. ஆனாலும் அது நிபா வைரஸ் என்று சேமித்துவைத்த மாதிரிகளிலிருந்து கண்டறிந்து எழுதப்பட்டது 2006இல்தான்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மூளைக்காய்ச்சலோடு ஓர் இளைஞர் வந்தார். அவருடைய தம்பி சில நாள்களுக்கு முன்புதான் காய்ச்சலில் இறந்திருந்தார். வீட்டில் இன்னும் சிலருக்கும் காய்ச்சல். மூளைக்காய்ச்சல் ஒரே வீட்டில் அடுத்தடுத்து இப்படி வருவதில்லையே என்ற கேள்வி அங்கிருந்த மருத்துவர்களுக்கு எழுந்தது. இளைஞரின் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறியிருந்தன. தசைகள் ஆங்காங்கே துடித்தன. நாட்டில் வழக்கமாகப் பார்க்கும் மூளைக்காய்ச்சலின் சாயல் அதில் இல்லை. வழக்கமான பரிசோதனைகளோடு விட்டுவிடாமல் மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார்கள். ஓரிரு நாளில் நிபா என்று தெரிந்தது. புணே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது. நோய் வெளியே தெரிவதற்குள் மருத்துவமனை வராந்தாக்களிலேயே பலருக்குத் தொற்றிவிட்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். முதல் நோயாளியான அந்தத் தம்பியைக் கவனித்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர். ஆயினும், இரண்டாவது நோயாளியிலேயே நோய் பிடிபட்டதால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்த முடிந்தது. ஜூன் மாதத்தோடு பரவல் நின்றது. சிலிகுரியில் ஐந்தாண்டு எடுத்த விடை, கோழிக்கோட்டில் சில நாளில் கிடைத்தது. வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்ட கேள்விதான் அதன் தொடக்கம். நம் ஓபி சீட்டுகளில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

காசநோயின் கதை இன்னும் சிக்கலானது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். அதனால் நம் மருத்துவர்களுக்குக் காசநோய் நன்றாகவே தெரியும். இருமல், சளி, எடைக்குறைவு என்று வந்தால் தப்பாது. வயிற்றில் வந்தால்தான் தடுமாற்றம். நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு வயிறு உப்புகிறது, உள்ளே நீர் கோத்திருக்கிறது, உடல் மெலிகிறது. ஸ்கேனில் கருப்பைக்குப் பக்கத்தில் கட்டிபோல் ஏதோ தெரிகிறது. சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை எக்கச்சக்கமாகக் காட்டுகிறது. சினைப்பைப் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை என்று குடும்பத்திடம் சொல்லப்படுகிறது. நகையை அடகு வைக்கிறார்கள். சிலர் நிலத்தை விற்கிறார்கள். வயிற்றைத் திறந்தால் அரிசி தூவியதுபோல் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். திசுப் பரிசோதனையில் காசநோய் என்று வருகிறது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடிய நோய். சிஏ 125 காசநோயிலும் ஏறும் என்பது புதிய செய்தி அல்ல. கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் வயிற்று நீரையும் திசுவையும் காசநோய்க்காகச் சோதிக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இன்னும் வரவில்லை. அதுதான் வருத்தம்.

இதற்கு நேர்எதிரான பிசகும் நடந்திருக்கிறது. 1980களில் சிடி ஸ்கேன் நம் நகரங்களுக்கு வந்தபோது, வலிப்போடு வந்த பலரின் மூளையில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒற்றைப் புள்ளி ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது. மருந்து கேட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. ஆனால், காசநோய் மருந்து கொடுக்காவிட்டாலும் அந்தப் புள்ளி மறைவதைச் சிலர் கவனித்தார்கள். வேலூர் சிஎம்சியின் நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் திசுவை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் லார்வா செத்துக்கொண்டிருக்கும் கட்டிகள் என்று தெரிந்தது. 1991இல் அது வெளியானது. இறைச்சியே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும். குடலில் நாடாப்புழு உள்ளவர் கைகழுவாமல் சமைத்தால் அதன் முட்டை சாப்பாட்டோடு உள்ளே போய்விடும். எத்தனையோ ஆயிரம் பேரைத் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்து காப்பாற்றிய ஆய்வு அது. பழகிய நோயின் பெயர் நாவில் முந்திக்கொண்டு வருவதும் ஆபத்துதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அதிகம் கவலைப்பட வேண்டியது மெலியாய்டோசிஸ். சேற்றிலும் நெல்வயல் மண்ணிலும் வாழும் பாக்டீரியா ஒன்றால் வரும் நோய். காலில் உள்ள வெடிப்பு வழியாகவும், மழைக்காற்றோடு மூச்சு வழியாகவும் உள்ளே போகும். நலமாக இருப்பவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோயாளி கிடைத்தால் விடாது. நுரையீரலில் வந்தால் காசநோய்போலவே இருக்கும். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காமல் போனாலும் காசநோய் மருந்து தொடங்கப்பட்டுவிடும். மண்ணீரலில், கல்லீரலில், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில், மூட்டில் சீழ்க்கட்டியாக வரும். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தாலும், இதைப் பார்த்துப் பழகாதவர்கள் சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவதுண்டு. தற்செயலாகக் கலந்த கிருமி என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்துப் பதினான்கு நாள், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை என்று நீண்ட சிகிச்சை தேவை. பாதியில் விட்டால் மறுபடி வரும்.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட இடம் ஒரு பிணவறை. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரெட் விட்மோர், நுரையீரலிலும் கல்லீரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டார். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயைப் போல இருந்தது. ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரையோடு சம்பந்தமே இல்லை. உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, அதுவரை யாரும் அறியாத நோய் என்று 1912இல் எழுதினார். பெரும்பாலும் கஞ்சிக்கே வழியில்லாத, போதை மருந்துக்கு அடிமையான ஏழைகளின் உடல்கள் அவை. அவர்களின் சாவுக்குக் காரணம் தேட இருவர் மெனக்கெட்டதால் மருத்துவம் ஒரு நோயைக் கற்றுக்கொண்டது.

நூறாண்டு கழித்து அதே கிருமி வாணியம்பாடியில் வேறொரு வழியாக வந்தது. 2023இல் அந்தப் பகுதியில் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, முகவீக்கம், பார்வைக் கோளாறு என்று வந்து வேகமாக மூளை பாதிக்கப்பட்டது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் தொற்றுநோயியல் ஆய்வாளர்களும் துருவிப் பார்த்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. திறந்து மூடி மறுபடி மறுபடி பயன்படுத்திய உப்புநீர்ப் புட்டியில் கிருமி இருந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். மண்ணில் வாழும் கிருமி, பல் பிடுங்கிய காயம் வழியாக மூளைக்குப் போயிருக்கிறது. அண்மையில் பல் வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்காதவருக்கு இந்த முடிச்சு அவிழ்ந்திருக்கவே முடியாது. உப்புநீர்ப் புட்டியைத் திறந்தால் அன்றே பயன்படுத்தி மீதியைக் கொட்ட வேண்டும் என்ற விதி ஏட்டில் இருப்பது போதாது. சிறு மருத்துவமனைகளில் அது நடக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கியதும் தாய்க்கு நிம்மதி. அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து குழந்தை துவளும். விடாத வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து படுப்பது ஆகியவற்றை எச்சரிக்கை அறிகுறிகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 முதல் சொல்லிவருகிறது. நாமோ தட்டணு எண்ணிக்கையை மட்டும் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெறிநாய்க்கடி நோயில் ஐந்தில் ஒருவருக்குத் தண்ணீரைக் கண்டு பயம் வருவதில்லை. கைகால் செயலிழந்து, பக்கவாத வகை நரம்பு நோய்போல் அமைதியாக முடிந்துவிடும். 2004இல் அமெரிக்காவின் டெக்சாஸில், மூளையில் இரத்தக்கசிவால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் உறுப்புகளையோ திசுவையோ பெற்ற நான்கு பேர் வெறிநோயால் இறந்தார்கள். உறுப்புதானத்தில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு, கொடையாளிக்கு நாய்க்கடி உண்டா என்ற கேள்வியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. 2021இல் கறுப்புப் பூஞ்சை நோய் பலருக்குப் பல்வலியாகவும் கன்னத்து மரமரப்பாகவும்தான் தொடங்கியது. அது பிடிபடுவதற்குள் போன கண்கள் எத்தனை!

சரி, என்ன செய்யலாம்?

முதலில் நேரம். நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்கும் ஓபியில் ஒரு மருத்துவர் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கொடுக்க முடியும். அந்த இரண்டு நிமிடத்தில் அக்குளையும் தொடை இடுக்கையும் பார் என்று சொல்வது அநியாயம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியவர்களுக்குத் தனி வரிசை, மறைவான ஒரு பரிசோதனை அறை, உடனிருக்க ஒரு செவிலியர் என்று ஒதுக்கலாம். பெண் நோயாளிகளின் உடலில் உண்ணிக் காய்ச்சலின் புண் தவறிப்போவதற்கு மருத்துவரின் அலட்சியத்தைவிட, ஆடையை விலக்க ஒரு மறைப்பு இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். பழைய கட்டடங்களில் ஒரு திரைச்சீலைக்குக் கம்பி இல்லாமல் இருப்பதை நிர்வாகிகள் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இரத்தக் கிருமிவளர்ப்பு. டைபாய்டா, மெலியாய்டோசிஸா, வேறு கிருமியா என்று சொல்லக்கூடியது அதுதான். முதல் ஊசிக்கு முன் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு. நம் ஊர்களில் நடப்பது தலைகீழ். மூன்று நாள் ஊசி, பிறகு வைடால் பரிசோதனை. 1896இல் வந்த அந்தப் பரிசோதனை, டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் எப்போதோ தொற்று வந்துபோன ஆளுக்கும் ‘உண்டு’ என்று காட்டும். அதை நம்பி டைபாய்டு மருந்து கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வேறு நோய் இருந்திருக்கும்? உண்மையான டைபாய்டு நோயாளியோ மூன்றாவது வாரத்தில் குடல் ஓட்டையோடு வந்து நிற்கிறார். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கடைக்கோடி சுகாதார நிலையம்வரை மருந்தைத் தட்டாமல் கொண்டுசேர்த்துவருகிறது. அதே ஒழுங்கோடு கிருமிவளர்ப்புப் புட்டிகளையும் வட்ட மருத்துவமனைகளுக்குத் தர முடியும். எடுத்த இரத்தத்தை வளர்த்துப் படிக்க மாவட்டத்துக்கு ஒரு நுண்ணுயிரியல் நிபுணராவது முழுநேரமாக வேண்டும். மெலியாய்டோசிஸ் கிருமியைப் பார்த்ததும் அடையாளம் காணும் பயிற்சியும் அவருக்கு வேண்டும்.

மூன்றாவதாக, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு. ‘மேல்சிகிச்சைக்காக’ என்ற ஒரு வார்த்தையோடு வரும் சீட்டுகளை வைத்துக்கொண்டு, என்ன மருந்து எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று உறவினரிடம் துருவிக் கேட்டு இரவு முழுக்கக் கழிகிறது. அதைவிட மோசம், எங்களிடமிருந்து எந்தச் செய்தியும் திரும்பிப் போவதில்லை. நிமோனியா என்று அனுப்பப்பட்டவருக்கு உண்மையில் உண்ணிக் காய்ச்சல் என்று அனுப்பியவருக்குச் சொன்னால், அடுத்த நோயாளிக்கு அவரே மாத்திரை கொடுத்துவிடுவார். சீட்டிலேயே கிழித்து அனுப்பும் ஒரு பகுதியோ கைப்பேசிக் குறுஞ்செய்தியோ போதும். எந்த வட்டாரத்தில் இந்த வாரம் எந்தக் காய்ச்சல் என்று மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு வைத்திருக்கும் தகவலும், தனியார் மருத்துவர்கள் உட்பட எல்லாருக்கும் வாராவாரம் போக வேண்டும். ‘மர்மக் காய்ச்சல்’ என்று பத்திரிகையில் தலைப்பு வந்த பிறகு முகாம் போடுவதைவிட அது பலன் தரும்.

மக்கள் பக்கத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வயல் வேலையா, ஆடு மேய்ப்பா, சாக்கடை வேலையா, வெளியூர் போய் வந்தீர்களா, வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், நாய் கடித்ததா, என்னென்ன ஊசி போட்டாயிற்று. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்து எடுத்து வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த நோய்கள் பலவும் முதலில் குறிவைப்பது சர்க்கரை நோயாளிகளைத்தான். மாத்திரை கொடுக்கும்போதே “காய்ச்சல் இருக்கா, எங்கயாவது சீழ்க்கட்டி இருக்கா, முகத்துல வலியா?” என்று கேட்டு, இருந்தால் உடனே அனுப்பும் பொறுப்பை அவர்களுக்குப் பயிற்சியோடு தரலாம். அதற்கேற்ற ஊதியமும் தர வேண்டும்.

கடைசியாக, சங்கடமான ஒன்று. காரணம் தெரியாமல் இறந்தவர்களின் உடலை மருத்துவ நோக்கில் பரிசோதிக்கும் வழக்கம் நம்மிடம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. போலீஸ் வழக்கு என்றால் பரிசோதனை உண்டு; காய்ச்சலில் இறந்தால் கிடையாது. சண்டீகரில் உள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனம் பல பத்தாண்டுகளாக, இறந்தவரின் நோய்க்கதையையும் உடற்பரிசோதனை முடிவையும் எல்லா மருத்துவர்களும் மாணவர்களும் கூடியிருக்கும் அரங்கில் வைத்து விவாதிக்கிறது. யார் மேலும் பழிபோடாத அந்தக் கூட்டத்தில்தான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் நோய்களின் மாறுவேடத்தைக் கற்றார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். உடலை அறுக்கக் குடும்பத்தார் தயங்குவது இயல்பு. ஊசியின் மூலம் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றிலிருந்து சிறிது திசு மட்டும் எடுக்கும் முறை இப்போது இருக்கிறது. உடலில் ஊசிக்குத்தைத் தவிர வேறு தழும்பு இராது. இறுதிச் சடங்கு தாமதமாகாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் பக்குவமாகப் பேசி ஒப்புதல் பெற, பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளரை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நியமிக்கலாம். முடிவு வந்ததும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளை எதனால் இறந்தான் என்று தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல் வரக்கூடிய வீடு அது.